எடைக் கட்டையும் கணினிப் பியானோவும்

கணினிப் பியானோவில் கட்டை ஓரிடத்தில் இருக்கிறது, ஒலி வேறிடத்தில் பிறக்கிறது. விரல் தொடும் கட்டைப் பலகையை ஒரு நிறுவனம் செய்திருக்கும். ஒலியைத் தரும் மென்பொருளை இன்னொரு நிறுவனம் எழுதியிருக்கும். நடுவில் கணினி, சவுண்ட் கார்டு, ஹெட்ஃபோன். மரப் பியானோவில் சுத்தியலும் கம்பியும் செய்யும் இணைப்பை இங்கே சில எண்கள் செய்கின்றன. அந்த எண்களைச் சரிபார்க்காமலே, கட்டை கனக்கிறது என்றும், மென்பொருளின் ஒலியில் உயிர் இல்லை என்றும், விரலில் பலம் போதவில்லை என்றும் குறை சொல்லப்படுகிறது. குறை பெரும்பாலும் கட்டையிலும் இருப்பதில்லை, மென்பொருளிலும் இருப்பதில்லை. இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகு எஞ்சுவது கையின் வேலை. அதற்குக் காலம் பிடிக்கும். எந்த அமைப்பும் அந்தக் காலத்தை மிச்சப்படுத்தித் தராது.

எண்ணாக மாறும் விரல்

இந்த எண்களின் மொழிக்கு மிடி என்று பெயர். வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுக் கருவிகள் ஒன்றையொன்று இயக்க முடிய வேண்டும் என்று அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கியது அது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் நிறுவனம் செய்த புராஃபெட்-600 என்ற சிந்தசைசரும் ரோலண்டின் ஜூபிடர்-6 சிந்தசைசரும் ஒரு கேபிளால் இணைக்கப்பட்டன. ஒன்றில் வாசிக்க மற்றொன்றும் ஒலித்தது. முப்பது ஆண்டு கழித்து, 2013இல், இருவருக்கும் இதற்காகத் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது.

ஒரு கட்டையை அழுத்தும்போது மிடி சொல்வது கொஞ்சம்தான்: சுரம் தொடங்கியது, இன்ன கட்டை, இன்ன வேகம். விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகும். வேகத்துக்கான எண் 1 முதல் 127 வரை. பூஜ்யம் வந்தால் கட்டை விடப்பட்டது என்று பொருள். இங்கே அளக்கப்படுவது விரலின் அழுத்தம் அல்ல, கட்டை இறங்கிய வேகம். கட்டைக்கு அடியில் மேலொன்று கீழொன்றாக இரண்டு உணரிகள் உள்ளன. முதல் உணரி தொடப்பட்ட கணத்துக்கும் இரண்டாவது தொடப்பட்ட கணத்துக்கும் இடையிலான நேரத்திலிருந்து அந்த எண் கணக்கிடப்படுகிறது. நேரம் குறையக் குறைய எண் ஏறும்.

ஒரு பியானோக் கலைஞரின் தொடுகை முழுவதையும் ஒற்றை எண்ணில் அடக்க முடியுமா என்ற ஐயம் இயல்பானது. இதற்கான விடை மிடிக்கு வெகு முன்பே தேடப்பட்டது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள பீபாடி இசைக் கல்லூரியின் ஓட்டோ ஓர்ட்மன், 1925இல் வெளியிட்ட நூலில், பியானோவின் சுத்தியல் கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது என்பதை வலியுறுத்தினார். விடுபட்ட சுத்தியலுக்கு அதன் வேகம் ஒன்றுதான் மிச்சம்; விரல் வருடியதா குத்தியதா என்பது அதற்குத் தெரியாது. விரல்நுனி கட்டையில் படும் சத்தம், கட்டை அடியில் மோதும் சத்தம் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டால், தனிச் சுரம் ஒன்றின் ஒலியைத் தீர்மானிப்பது சுத்தியலின் வேகமே. மிடி அறியாமலே ஓர்ட்மன் பக்கம் நிற்கிறது. தொடுகையின் மற்ற அழகுகள் எல்லாம் சுரங்களுக்கு இடையே பிறப்பவை: எது முந்துகிறது, எது நீள்கிறது, எது மற்றொன்றின் மேல் தூக்கலாகக் கேட்கிறது. அவையெல்லாம் எண்களில் முழுமையாகவே பதிவாகின்றன.

சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு வேகமான அடிக்கு எந்த எண் என்று மிடி எங்கேயும் வரையறுக்கவில்லை. வேகத்தை அளக்கத் தெரியாத கருவிகள் 64 என்று அனுப்பட்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. ஒரே அடிக்கு ஒரு நிறுவனத்தின் கட்டை 70 அனுப்பலாம், இன்னொன்று 95 அனுப்பலாம். 2020 ஜனவரியில் ஏற்கப்பட்ட மிடி 2.0 இந்த 127 படிகளை 65,536 படிகளாக விரித்தது. படிகள் நுணுக்கமானது நல்லதே. ஆனால் விரலையும் எண்ணையும் பொருத்தும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

ஒலி பிறக்கும் இரு வழிகள்

கணினியில் பியானோ ஒலியை உண்டாக்க இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி பதிவு. நல்ல கிராண்ட் பியானோ ஒன்றை ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்து, ஒவ்வொரு கட்டையையும் மெல்ல, நடுத்தரமாக, ஓங்கி எனப் பல நிலைகளில் அடித்துப் பதிவார்கள். 88 கட்டைகளுக்கும் 16 நிலை, பெடல் மிதித்தும் மிதிக்காமலும் என்று கணக்கிட்டால் 2,816 பதிவுகள். சில ஒலித் தொகுப்புகள் பத்துக்கணக்கான ஜிகாபைட் இடம் பிடிப்பது இதனால்தான். இவ்வளவையும் ரேமில் ஏற்றுவது ஒரு காலத்தில் நடவாத காரியம். 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், ஒவ்வொரு பதிவின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்க வாசிக்க வட்டிலிருந்து எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 2002இல் வெளியிட்ட கொன்டாக்ட் உட்பட இன்றைய பதிவுவகை மென்பொருள்கள் அந்த முறையில்தான் இயங்குகின்றன.

இரண்டாவது வழி கணக்கு. கம்பியின் அதிர்வு, சுத்தியலின் கெட்டித்தன்மை, ஒலிப்பலகையின் அதிர்வு ஆகியவற்றைச் சமன்பாடுகளாக எழுதி, அடி விழும் கணத்தில் ஒலியைக் கணித்து உண்டாக்குவது. பிரான்ஸின் துலூஸ் நகரிலிருந்து 2006இல் வந்த பியானோடெக் இதில் முன்னோடி. பதிவு எதுவும் இல்லாததால் அதற்குச் சில பத்து மெகாபைட் இடமே போதும்.

எது சிறந்தது என்ற வாதம் ஓய்வதில்லை. தனிச் சுரத்தை நீளவிட்டுக் கேட்டால் நல்ல பதிவின் செறிவு கணக்கில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஆனால் மரப் பியானோவைப் போலக் கனம் கொண்ட எடைக் கட்டைக்குப் புதிதாகக் கை பழகுபவருக்குக் கணக்குவகையே உகந்தது. பதிவுவகையில் நிலைக்கும் நிலைக்கும் நடுவே ஒலியின் நிறம் சட்டென மாறுவதுண்டு. 79க்கு ஒரு நிறம், 80க்கு இன்னொரு நிறம் என்றால் விரல் செய்த சிறு மாற்றத்துக்குக் காது பெரிய மாற்றத்தைக் கேட்கும். கணக்குவகையில் ஒவ்வோர் எண்ணுக்கும் சீரான மாற்றம் உண்டு. காசு செலவழிக்க விரும்பாதவர்களுக்குச் சாலமாண்டர் என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. யமஹா சி5 கிராண்ட் பியானோவிலிருந்து 16 நிலைகளில் பதிவானது. தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும்.

இம்மென்பொருள்கள் தனித்தும் ஓடும், இசைத்தொகுப்பு மென்பொருளுக்குள் பிளக்இன்னாகவும் ஓடும். பிளக்இன் முறையை ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்ற பெயரில் தொடங்கியது. இசைக்கருவிகளும் அதில் சேர்ந்தது 1999இல். ஆப்பிள் கணினிகளில் ஆடியோ யூனிட் என்ற வடிவம் உண்டு. வாசித்துப் பழக மட்டும் வேண்டுமென்றால் தனித்து ஓடும் வடிவமே நல்லது. கோளாறு வந்தால் தேட வேண்டிய இடங்கள் குறையும்.

இணைப்பும் தாமதமும்

இன்றைய கட்டைப் பலகைகள் பெரும்பாலும் யூஎஸ்பி வழியே கணினியோடு சேர்கின்றன. பிரிண்டருக்குப் போடும் அதே சதுர முனைக் கேபிள். டிஜிட்டல் பியானோ சிலவற்றில் இரண்டு யூஎஸ்பி துளைகள் இருக்கும். பென்டிரைவ் செருகும் துளை வேறு, கணினிக்கானது வேறு. பழைய ஐந்து முள் மிடி கேபிள் நொடிக்கு 31,250 பிட் வேகம் கொண்டது. ஒரு சுரத்தின் செய்தி போய்ச்சேர ஏறக்குறைய 1 மில்லிநொடி எடுக்கும். இன்றும் அது வேலைக்கு ஆகும்.

டிஜிட்டல் பியானோவைக் கணினியோடு இணைத்ததும் முதலில் செய்ய வேண்டியது, அதன் சொந்த ஒலியை அணைப்பது. லோக்கல் கண்ட்ரோல் என்ற அமைப்பை ஆஃப் செய்தால் கட்டைகள் மிடி மட்டும் அனுப்பும். அதைச் செய்யாவிட்டால் பியானோவின் ஒலியும் மென்பொருளின் ஒலியும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நேர இடைவெளி மிகச் சிறியதாக இருப்பதால் இரட்டைச் சுரமாகக் கேட்காது. குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் மங்கலாகக் கேட்கும். இதை மென்பொருளின் தரக்குறைவு என்று நினைத்து வேறு மென்பொருள் தேடிப் போகிறவர்கள் உண்டு.

அடுத்தது தாமதம். கணினி ஒலியைத் துளித்துளியாக அனுப்புவதில்லை. ஒரு சிறு தொகுதியை நிரப்பிக்கொண்டு அனுப்புகிறது. அந்தத் தொகுதிதான் பஃபர். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், 128 மாதிரிகள் கொண்ட பஃபர் 2.9 மில்லிநொடி தாமதம் தரும். 256க்கு 5.8, 512க்கு 11.6, 1024க்கு 23.2. சவுண்ட் கார்டின் உள்வேலைக்கு இன்னும் சில மில்லிநொடி. ஒலி காற்றில் ஒரு மீட்டர் செல்லவே ஏறக்குறைய 3 மில்லிநொடி ஆகும் என்பதால், இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரைவிட ஹெட்ஃபோனில் தாமதம் குறைவு. எல்லாம் சேர்ந்து 10 மில்லிநொடிக்குள் அடங்கினால் பெரும்பாலானோருக்கு இடையூறு தெரியாது. 20ஐத் தாண்டினால் தாமதம் என்று அறியாமலே கை திணறும்: வேகமான பகுதிகளில் லயம் இழுபடும், கட்டை உள்ளதைவிடக் கனமாகத் தோன்றும். கட்டையின் கனம் பற்றிய முறையீடுகளில் ஒரு பகுதி உண்மையில் பஃபர் பற்றிய முறையீடு.

மரப் பியானோவுக்கும் தாமதம் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். மெல்ல அழுத்தினால் கட்டை அசையத் தொடங்கியதிலிருந்து சுத்தியல் கம்பியைத் தொட 100 மில்லிநொடிக்கு மேலும் ஆகலாம். ஓங்கி அடித்தால் அதில் கால்பங்கு போதும். அது தொல்லையாகத் தெரியாததற்குக் காரணம், கட்டை அடியைத் தொடும் கணமும் ஒலி பிறக்கும் கணமும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைவது. விரலுக்கு அடி தட்டுப்படும்போது காதுக்கு ஒலி வருகிறது. கணினி கெடுப்பது இந்தச் சேர்க்கையைத்தான்.

விண்டோஸ் கணினியில் வழக்கமான ஒலித்தடத்தைப் பயன்படுத்தினால் தாமதம் தாங்காது. ஸ்டெயின்பெர்க் வகுத்த ஆசியோ என்ற டிரைவர் முறையில் இயங்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் கணினியின் சொந்த ஒலிச்சில்லையே ஆசியோவாகக் காட்டும் இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிள் கணினிகளிலும் ஐபேடிலும் இந்தத் தலைவலி இல்லை. ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் எந்தக் கணினியிலும் கூடாது. சாதாரண ப்ளூடூத் ஒலி 100 மில்லிநொடிக்கு மேல் பிந்தி வருகிறது.

பஃபரைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒலி வெடிக்கும், கரகரக்கும். கணினியால் அந்த நேரத்துக்குள் கணக்கை முடிக்க முடியவில்லை என்பதன் அடையாளம் அது. மடிக்கணினியைச் சார்ஜரில் செருகி, மின்சேமிப்பு முறையை நீக்கி, வைஃபையை அணைத்துப் பார்த்தாலே பல நேரம் சரியாகிவிடும். ஒலித் தொகுப்பைச் சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாற்றுவது இன்னொரு தீர்வு. அப்போதும் போகாவிட்டால் ஒரே சமயத்தில் ஒலிக்கும் சுரங்களின் உச்சவரம்பைக் குறைக்கலாம். பெடலை மிதித்து வாசிக்கும்போது முந்தைய சுரங்கள் அடங்காமல் குவிவதால் பியானோவுக்கு இந்த வரம்பு மற்றக் கருவிகளைவிடக் கூடுதலாக வேண்டும். அதனால் ஒரேயடியாக வெட்டிவிடக் கூடாது.

கட்டைக்குள் இருக்கும் எடை

தமிழ்நாட்டு வீடுகளில் பலர் முதலில் தொடுவது ஆர்மோனியம், அல்லது 61 கட்டை கொண்ட சிறு கீபோர்டு. ஆர்மோனியத்தில் ஒலியின் வலிமை துருத்தியில் இருக்கிறது. கட்டை காற்றுக்கு வழிவிடும் கதவு மட்டுமே. சிறு கீபோர்டின் கட்டை பிளாஸ்டிக்கும் ஸ்பிரிங்கும். இங்கிருந்து எடைக் கட்டைக்கு வருபவர் சந்திப்பது கூடுதல் கனம் மட்டும் அல்ல, வேறு வகையான எதிர்ப்பு.

ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க எதிர்ப்பு வளரும். தொடக்கம் இலகு, அடி இறுக்கம். எடைக் கட்டையில் இது தலைகீழ். கட்டையின் பின்முனை ஒரு சுத்தியலை, அல்லது சுத்தியல்போன்ற உலோகத் துண்டை, தூக்கியாக வேண்டும். நின்றிருக்கும் ஊஞ்சலை முதலில் தள்ளும்போதுதான் பாரம் தெரியும். ஆடத் தொடங்கியதும் அதுவே போகும். எடைக் கட்டையின் இயல்பும் அதுவே.

புளோரன்ஸ் நகரில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700 வாக்கில் செய்த முதல் பியானோவிலிருந்தே இந்தச் சுத்தியல் முறை இருக்கிறது. இன்றைய கிராண்ட் பியானோவில் நடுப்பகுதிக் கட்டையை மெதுவாக இறக்க ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். கட்டை இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். மந்தர ஸ்தாயிச் சுத்தியல்கள் பெரியவை என்பதால் இடப்பக்கம் கனம் சற்றுக் கூடும், வலப்பக்கம் குறையும். டிஜிட்டல் பியானோக்களில் கிரேடட் ஹேமர் என்று எழுதியிருப்பது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். ஆனால் கிராம் கணக்கை மட்டும் பார்த்துக் கட்டையை மதிப்பிட முடியாது. அது மெதுவாக இறக்கும்போது தேவைப்படும் எடை. வேகமாக வாசிக்கும்போது கை உணர்வது அசையும் பொருள்களின் நிலைமம். 50 கிராம் என்று ஒரே அளவு காட்டும் இரண்டு கட்டைகளில் ஒன்று லாகவமாகவும் மற்றொன்று சேற்றில் அழுந்துவது போலவும் இருக்கக்கூடும்.

கடையில் யாரும் சொல்லாத இன்னொரு அளவு, கட்டையின் மறைந்திருக்கும் நீளம். கட்டை ஒரு நெம்புகோல். முன்விளிம்பிலிருந்து அது சாய்ந்தாடும் புள்ளி வரையிலான தூரம் கிராண்ட் பியானோவில் 20 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். மெல்லிய டிஜிட்டல் பியானோக்களில் இது கணிசமாகக் குறைவு. கறுப்புக் கட்டைகளின் இடுக்கில், பின்பக்கம் தள்ளி விரல் வைக்க வேண்டிய இடங்களில், குட்டை நெம்புகோல் இரண்டு மடங்கு கனம் போல் முரண்டும். கறுப்புக் கட்டைகள் மிகுந்த சுர வரிசைகளில் மட்டும் கை களைத்தால் பழியைக் கையின் மேல் போடுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

உணரிகளின் எண்ணிக்கையும் முக்கியம். இரண்டு உணரி கொண்ட கட்டையை ஏறக்குறைய முழுவதும் எழவிட்ட பின்னரே அடுத்த அடி பதிவாகும். மூன்றாவது உணரி இருந்தால் பாதி எழுந்த நிலையிலேயே மறுபடி அடிக்கலாம். பாரிஸின் செபாஸ்தியன் எரார் உருவாக்கிய, 1821இல் காப்புரிமை பெற்ற இரட்டை விடுவிப்பு முறை கிராண்ட் பியானோவுக்குத் தந்த வசதி அது. ஒரே சுரத்தை விரைந்து திரும்பத் திரும்ப அடிக்கும் இடங்களில் வேறுபாடு உடனே தெரியும்.

வேக வளைவு

கட்டை அனுப்பும் எண்ணை மென்பொருள் எந்த ஒலியாக ஏற்கிறது என்பதைத் தீர்மானிக்கும் கோடுதான் வேக வளைவு. கணினிப் பியானோ அமைப்பில் மிகுந்த கவனம் பெற வேண்டியது இது. மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுவே. ஒரு கட்டைப் பலகையில் இயல்பாக ஓங்கி அடித்தாலும் 95க்கு மேல் எண் ஏறவில்லை என்று வைத்துக்கொள்வோம். பதிவுத் தொகுப்பின் உச்ச நிலைகள் ஒருபோதும் ஒலிக்கப்போவதில்லை. வாசிப்பவர் இன்னும் பலமாக அடிப்பார், மணிக்கட்டு இறுகும், ஒலி அப்போதும் மங்கலாகவே இருக்கும். எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: லேசாகத் தொட்டாலே 70 வந்தால் மென்மையான வாசிப்புக்கு இடமே இருக்காது, எல்லாம் கத்தும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. மிடி எண்களை நேரடியாகக் காட்டும் திரை ஏறக்குறைய எல்லா இசை மென்பொருளிலும் இருக்கிறது. அதைத் திறந்து வைத்து, ஒலி எழும்பும் அளவுக்கு மட்டும் மிக மெல்ல ஒரு கட்டையைப் பலமுறை அடிக்க வேண்டும். பிறகு பேச்சுக்குரல் அளவில். பிறகு வலி இல்லாமல் முடிந்த அளவு ஓங்கி. மெல்லியது 10க்கும் 25க்கும் இடையிலும், நடுத்தரம் 60, 70 அருகிலும், உச்சம் 115க்கு மேலும் விழுந்தால் வளைவைத் தொட வேண்டியதில்லை. விழாவிட்டால் வளைவை அதற்கேற்ப வளைக்க வேண்டும். உச்சம் எட்டவில்லை என்றால் கோட்டின் நடுப்பகுதியை மேலே தூக்க வேண்டும். எல்லாம் கத்தினால் கீழே இறக்க வேண்டும். பியானோடெக்கில் இதற்கென்றே அளவீட்டு வசதி உண்டு. சொல்கிறபடி வாசித்தால் வளைவை அதுவே வரைந்து தரும். கவாய் நிறுவனம் ஒலியே இல்லாமல் கட்டைகளை மட்டும் கொண்டதாக வெளியிட்ட விபிசி1 பலகையில், பியானோடெக், ஐவரி போன்ற மென்பொருள்களுக்கான வளைவுகள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. வளைவின் முக்கியத்துவத்தை ஒரு பியானோ நிறுவனமே ஒப்புக்கொண்டதற்கு இது நல்ல சான்று.

வளைவை ஓரிடத்தில் மட்டும் மாற்றுவது நல்லது. பலகையில் சாஃப்ட், மீடியம், ஹார்டு என்று ஒரு தொடுகை அமைப்பு இருக்கும். மென்பொருளில் இன்னொன்று இருக்கும். இரண்டையும் வளைத்தால், இருக்கிற 127 படிகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சில காணாமலே போகும். பலகையை மீடியத்தில் விட்டுவிட்டு மென்பொருளில் மாற்றுவதே சரி. வளைவை மாற்றினால் கட்டையின் எடை மாறாது என்பதையும் கவனிக்க வேண்டும். சாஃப்ட் அமைப்பில் கட்டை இலகுவானதுபோல் தோன்றும். உண்மையில் குறைந்த வேகத்துக்கே பெரிய ஒலி வருகிறது, அவ்வளவுதான். அதிலேயே பழகிய கை மரப் பியானோவில் உட்கார்ந்ததும் ஊமையாகிவிடும்.

வளைவை அளக்கும் முன் ஹெட்ஃபோனின் ஒலி அளவை நிலையாக வைக்க வேண்டும். கை எப்போதும் காதைக் கேட்டே நடக்கிறது. ஒலி அளவு குறைவாக இருந்தால் கை தானாக ஓங்கும். அதிகமாக இருந்தால் அஞ்சி ஒடுங்கும். குடும்பத்தார் உறங்கும் நேரத்தில் ஸ்பீக்கரைத் தணித்து வைத்துப் பழகும் மாணவர், தம்மை அறியாமல் கட்டையைக் குத்தக் கற்றுக்கொள்கிறார். எந்த வளைவாலும் இதைத் திருத்த முடியாது.

கை பழகும் விதம்

வளைவும் தாமதமும் சரியான பிறகும் எடைக் கட்டை முதலில் சோர்வைத் தரும். இதற்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, சிறு கீபோர்டில் விரல் மூட்டு மட்டும் செய்த வேலையை இங்கே முன்கை பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டாவதுதான் மிகப் பெரியது: கட்டை அடியைத் தொட்ட பிறகும் அழுத்திக்கொண்டே இருப்பது. சுத்தியல் எப்போதோ போய்விட்டது, ஒலியும் பிறந்துவிட்டது. அதற்குப் பிறகு கொடுக்கும் பலம் முழுவதும் வீண். கட்டையைக் கீழே பிடித்து வைக்க விரலின் சிறு பாரமே போதும். மூன்றாவது, மேலெழுதல். ஸ்பிரிங் கட்டை விரலை உதறித் தள்ளும். எடைக் கட்டை தன் பாரத்தால் மட்டுமே எழும். அதற்கு இடம் தராமல் அடுத்த அடியை அவசரப்படுத்தினால் சுரம் விழாது.

கையின் பாரத்தைக் கட்டைக்கு இறக்கிவிடும் முறையைப் பற்றி ஐரோப்பாவில் நூறாண்டுக்கு முன் பெரிய விவாதம் நடந்தது. இங்கிலாந்தின் டோபியாஸ் மத்தாயின் நூல் 1903இலும், ஜெர்மனியின் ருடால்ஃப் பிரைட்ஹாப்டின் நூல் 1905இலும் வந்தன. விரலைச் சுத்தியலாக்கி அடிக்கும் பழைய பயிற்சிக்கு எதிராக, தளர்ந்த கையையும் அதன் இயல்பான எடையையும் இருவரும் வலியுறுத்தினர். ஓர்ட்மன் 1929இல் வெளியிட்ட இரண்டாவது நூலில் தசைகளின் இயக்கத்தை அளந்து காட்டி, முழுத் தளர்ச்சியோடு வாசிப்பது நடவாது என்றார். அடிக்கும் கணத்தில் மூட்டுகள் உறுதியாக நின்றே ஆக வேண்டும். அடுத்த கணமே விடுபட வேண்டும். இன்று மாணவருக்குத் தேவையான அறிவுரை ஓர்ட்மனுடையதே. தளர்வாக இரு என்று மட்டும் சொன்னால் மணிக்கட்டு தொய்ந்து விடும்.

உயரம் சரியில்லாவிட்டால் எந்த முறையும் பயன் தராது. மரப் பியானோவின் கட்டைகள் தரையிலிருந்து ஏறக்குறைய 73 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 75 சென்டிமீட்டர் உயரமுள்ள சாப்பாட்டு மேசையில் டிஜிட்டல் பியானோவைத் தூக்கி வைத்தால் கட்டை 85 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். தோள் தூக்கி, முழங்கை தொங்கி, மணிக்கட்டு மடங்கி வாசிக்க வேண்டிவரும். முழங்கை கட்டையின் மட்டத்துக்கு அல்லது சற்று மேலே இருப்பது முறை. பெருக்கல் குறி வடிவத் தாங்கிகள் எடைக் கட்டைப் பலகையின் கனத்தில் ஆடும். ஆட்டத்தைத் தாங்கக் கை இறுகும்.

பயிற்சியை 15, 20 நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, மெதுவான சுர வரிசைகளில் தொடங்க வேண்டும். இங்கே மென்பொருள் ஓர் ஆசிரியர் தர முடியாத உதவியைத் தருகிறது. வாசித்ததைப் பதிவுசெய்து திரையில் பார்த்தால் ஒவ்வொரு சுரத்தின் வேக எண்ணும் கம்பங்களாக நிற்கும். நாலாம் விரல் எங்கெல்லாம் பின்வாங்குகிறது, கட்டைவிரல் எங்கே தடாலென விழுகிறது என்பதெல்லாம் மறைக்க முடியாமல் தெரியும். ஒரு ஸ்தாயியை ஏறி இறங்கும்போது எண்கள் பத்துக்குள் மட்டும் வேறுபட்டால் கை கட்டையைப் புரிந்துகொண்டுவிட்டது எனலாம். ஆனால் இதைக் காதால் கேட்டு ஊகித்த பிறகே பார்க்க வேண்டும். முதலிலேயே திரையைப் பார்த்தால் காது வேலையை நிறுத்திவிடும்.

முதல் சில வாரங்களில் முன்கை களைப்பது இயல்பு. கூர்மையான வலி, விரல் மரத்துப்போதல், மணிக்கட்டில் எரிச்சல் ஆகியவை இயல்பல்ல. உடனே நிறுத்தி, வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். விரலுக்குப் பலமேற்றும் கருவிகளை நாடவே கூடாது. ராபர்ட் ஷூமன் 1830களின் தொடக்கத்தில் வலக்கை விரல் செயல் குன்றிப் பியானோக் கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டார். அதற்கு அவர் பயன்படுத்திய விரல் கருவிதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை என்றாலும், எடைக் கட்டைக்கு வேண்டியது பலத்தைவிட ஒருங்கிணைப்பு என்பதில் ஐயமில்லை. கட்டை கேட்பது 50 கிராம்; எந்தக் குழந்தையின் கையிலும் அதற்கு மேல் எடை இருக்கிறது.

பெடல்

பெட்டியோடு இலவசமாக வரும் சிறு கறுப்புப் பெடல் வெறும் சுவிட்ச். மிடியில் பெடலின் எண் 64ஆம் கட்டுப்பாடு. அதில் 0 முதல் 127 வரை மதிப்புகள் உண்டு. சுவிட்ச் பெடல் இரண்டு முனைகளை மட்டும் அனுப்பும். பெடலைப் பாதி எடுத்து ஒலியைக் கொஞ்சம் மட்டும் அடக்கும் பாதிப்பெடலுக்கு இடைப்பட்ட மதிப்புகளை அனுப்பும் தொடர்பெடல் தேவை. பலகையும் மென்பொருளும் அதை ஏற்க வேண்டும். மிதிக்காதபோது ஒலி நீண்டு, மிதித்ததும் நின்றால், பெடல் பழுதாகவில்லை. வெவ்வேறு நிறுவனங்களின் பெடல்கள் எதிரெதிர் முறையில் இயங்குவதால் வரும் குழப்பம் அது. பல பலகைகள் மின்சாரம் போடும் கணத்தில் பெடல் இருக்கும் நிலையை மிதிக்காத நிலை என்று எடுத்துக்கொள்ளும். பெடலைச் செருகி, காலை எடுத்துவிட்டு, பிறகு பலகையை இயக்கினால் சரியாகிவிடும்.

எடை உதவாத இடங்கள்

மென்பொருளில் பியானோ மட்டும் இருப்பதில்லை. ஆர்கன், தாளக்கருவிகள், விரைந்து ஓடும் சிந்தசைசர் சுரங்கள் ஆகியவற்றுக்கு எடைக் கட்டை தடையாகவே இருக்கும். ஆர்கனில் உள்ளங்கையால் கட்டைகளை வருடிச் செல்லும் வழக்கத்தை எடைக் கட்டையில் செய்தால் தோல் உரியும். இசையமைப்பாளர் பலர் 88 எடைக் கட்டைகளோடு இலகுவான சிறு பலகை ஒன்றையும் பக்கத்தில் வைத்திருப்பதன் காரணம் இது.

கர்நாடக இசைக்கு இந்த இரண்டாவது பலகை வசதியையும் தாண்டிய தேவை. கீபோர்டு சத்யநாராயணன் போன்ற கலைஞர்கள் கமகத்தைக் கொண்டுவருவது, இடக்கையால் உருட்டிச் சுருதியை வளைக்கும் சக்கரத்தில். பியானோவைப் போலச் செய்யப்பட்ட எடைக் கட்டைப் பலகைகள் பலவற்றில் அந்தச் சக்கரமே கிடையாது. சக்கரம் உள்ள சிறு பலகையைக் கணினியில் சேர்த்து, இரண்டும் ஒரே மிடி அலைவரிசையில் ஓடும்படி அமைத்தால், வலக்கை எடைக் கட்டையிலும் இடக்கை சக்கரத்திலும் வேலை செய்ய முடியும். சக்கரத்தின் அசைவுக்கு மிடி 16,384 படிகள் தருகிறது. மென்பொருள்களில் அதன் வீச்சு வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். பெரிய கமகங்களுக்கு வீச்சைக் கூட்டலாம், ஆனால் கூட்டக் கூட்டச் சக்கரத்தின் சிறு நடுக்கமும் சுருதியைக் கலைக்கும். ஓர் அலைவரிசையில் சக்கரத்தை உருட்டினால் அதில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். ஆகவே ஆதார சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து வைக்கும் ஒலியை வேறொரு அலைவரிசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.